காணாமல் போன ஒரு வார்த்தை

1959, ஏப்ரல் 16. வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவில் சி.பி.எஸ். டி.வி.யில் 'ப்ளேஹவுஸ் 90' ஓடிக்கொண்டிருக்கிறது. ஒண்ணரை மணி நேர நாடகம். அன்றைக்கு 'ஜட்ஜ்மென்ட் அட் நூரம்பெர்க்'. லைவ்! நடிகர் வசனத்தை மறந்தாலும் சரி, தும்மினாலும் சரி... அப்படியே உங்கள் வீட்டு ஹாலுக்கு வந்துவிடும். 'கட்', 'ஒன் மோர்' எல்லாம் கிடையாது.

கோர்ட் கதை. குற்றவாளிக் கூண்டில் யார் தெரியுமோ? நீதிபதிகள்! ஹிட்லர் ஆட்சியில் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவிகளைக் கொலைக்களத்துக்கு அனுப்பியவர்கள். அவர்களை விசாரிக்கும் அமெரிக்க நீதிபதியாக க்ளாட் ரெய்ன்ஸ். 'காஸபிளாங்கா'வில் ஒரு குறும்புக்கார போலீஸ் அதிகாரி வருவாரே, அவரேதான்.

நாஜி முகாம் கொலைகளைப் பற்றி ரெய்ன்ஸ் பேசுகிறார். திடீரென்று உதடு அசைகிறது, குரல் இல்லை. அடுத்த வார்த்தைக்குக் குரல் திரும்பி வந்துவிடுகிறது. 'டி.வி. மக்கர் பண்ணுது' என்று பெட்டியின் தலையில் தட்டிப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். பெட்டியில் கோளாறே இல்லை சார்! அமுக்கப்பட்ட அந்த வார்த்தை, 'காஸ்'.

விஷயம் இதுதான். நாடகத்துக்குப் பணம் கொடுத்த ஸ்பான்சர்களில் ஒருவர், அமெரிக்கன் காஸ் அசோசியேஷன். அடுப்பெரிக்க காஸ் விற்கிறவர்களின் சங்கம். 'காஸ் அடுப்பு வாங்குங்கள்' என்று சொல்லும் நிகழ்ச்சியிலேயே காஸ் சேம்பரா? வியாபாரம் என்னாவது? சி.பி.எஸ்.காரர்கள் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். வதைமுகாம் பிணக்குவியல்களின் நிஜப் படங்களை அதே நாடகத்தில் காட்டினார்கள், அதற்குத் தடையில்லை. வார்த்தைக்குத்தான் தடை! இந்தக் கூத்தைப் பத்திரிகைகள் சும்மா விடவில்லை. அந்தக் காலத்து டி.வி.யில் விளம்பரதாரர் வைத்ததே சட்டம் என்பதற்கு இன்றைக்கும் முதலில் சொல்லப்படும் உதாரணம் இதுதான்.

நாடகத்தை எழுதியவர் ஆபி மான். கற்பனைதான், ஆனால் வேர் நிஜம். 1947-ல் நூரம்பெர்கில் நாஜி நீதிபதிகள், சட்ட அதிகாரிகள் என்று 16 பேர்மேல் அமெரிக்கர்கள் வழக்குப் போட்டார்கள். அதில் ஒருவர் ஆஸ்வால்ட் ரோட்ஹௌக்.

இவர் விசாரித்த ஒரு வழக்கைக் கேளுங்கள். லியோ காட்ஸன்பெர்கர், நூரம்பெர்கில் செருப்பு வியாபாரி. வயசான யூதர். தன் கட்டடத்தில் குடியிருந்த ஜெர்மன் இளம்பெண்ணுடன் தொடர்பு என்று குற்றச்சாட்டு. இரண்டு பேருமே மறுத்தார்கள். ஹிட்லரின் இனச் சட்டப்படி பார்த்தாலும் அதற்கு ஜெயில்தான், மரணதண்டனை கிடையாது. ரோட்ஹௌக் விடுவாரா? யுத்தகால இருட்டடிப்பைப் பயன்படுத்திக் குற்றம் செய்தார் என்று இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். அதில் மரணதண்டனைக்கு இடம் இருந்தது. 1942 ஜூனில் பெரியவரின் தலை கில்லட்டினில் போனது. அவர் பக்கம் பேசிய பெண்ணுக்கு, பொய்ச்சாட்சி என்று சிறை!

நாடகத்திலும் கிட்டத்தட்ட இதே வழக்கு வேறு பெயர்களில் வருகிறது. 1961-ல் ஸ்டான்லி க்ரேமர் இதைப் படமாக எடுத்தார். டி.வி.யில் எதிர்த்தரப்பு வக்கீலாக வந்த மாக்ஸிமிலியன் ஷெல் படத்திலும் அதே வேடத்தில் நடித்து, ஆஸ்கரைத் தட்டிக்கொண்டு போனார். திரைக்கதைக்காக ஆபி மானுக்கும் ஒரு ஆஸ்கர்.

ரோட்ஹௌக்? 1947 டிசம்பரில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 1956-லேயே வெளியே விட்டுவிட்டார்கள். ரெய்ன்ஸின் குரல் அமுங்கிய அந்த ராத்திரி, மனுஷர் ஜெர்மனியில் சுதந்திரமாக இருந்தார்.