கோவர் தெருவின் காதல் கணக்கு

கொலம்பியா படக் கம்பெனிக்கு அந்தப் பெயர் 1924இல் வந்தது. அதற்கு முன் அது சி.பி.சி.: ஜாக் கோன், ஜோ பிராண்ட், ஹாரி கோன் என்ற மூவர் கூட்டு. அந்த எழுத்துகளுக்கு மலிவுச் சாப்பாடு ஒன்றின் பெயரைச் சூட்டி ஹாலிவுட் சிரித்தது. கோவர் தெருப் பகுதியில் சிறு கம்பெனிகள் இருந்த இடத்துக்கே 'பாவர்ட்டி ரோ' என்றுதான் பெயர். சொந்தத் தியேட்டர் கிடையாது. பெரிய நட்சத்திரம் வேண்டுமென்றால் இரவல்தான். தியேட்டர் இல்லாததும் ஒருவகையில் நல்லதாயிற்று. தியேட்டர் கடன் கழுத்தை நெரித்த பாரமவுண்ட் 1933இல் திவாலானது, கொலம்பியா தப்பியது.

இப்படிப்பட்ட கம்பெனிதான் பணக்கார வீட்டுச் சம்பந்தங்களைத் திரும்பத் திரும்பப் படமாக்கியது. இயக்கியவர் ஃபிராங்க் காப்ரா. 1931இல் வந்த 'பிளாட்டினம் பிளாண்ட்' படத்தில் பத்திரிகை நிருபர் ஒருவன் சீமாட்டியை மணந்து அவள் மாளிகைக்குக் குடிபோகிறான். வீட்டோடு மாப்பிள்ளை வாழ்க்கை சரிப்படவில்லை. உடன் வேலை பார்த்த பெண்ணிடமே திரும்புகிறான்.

1934இல் வந்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தில் காப்ராவும் கதாசிரியர் ராபர்ட் ரிஸ்கினும் திசையை மாற்றினார்கள். இம்முறை கோடீஸ்வரன் மகள் இறங்கி வருகிறாள்: மயாமியில் அப்பாவின் படகிலிருந்து குதித்து, நியூயார்க் பஸ் ஏறுகிறாள். டோநட்டைக் காபியில் எப்படித் தோய்ப்பது என்று வேலையிழந்த நிருபன் அவளுக்குப் பாடம் நடத்துகிறான். பஸ், சாலையோர விடுதி, வைக்கோல் படுக்கை என்று கொலம்பியாவின் பணப்பைக்கும் பொருந்திய கதை. கிளார்க் கேபிளை எம்.ஜி.எம். இரவல் தந்தது, கிளாடெட் கோல்பெர்ட் நான்கு வாரத்துக்கு 50,000 டாலர் கேட்டு வாங்கினார்.

எனக்குப் பிடித்த கட்டம் கடைசிப் பகுதியில் வருகிறது. மகளைக் கண்டுபிடித்தவருக்கு 10,000 டாலர் பரிசு காத்திருக்க, நிருபன் கேட்பது வழிச்செலவு 39 டாலர் 60 சென்ட் மட்டும். பெண்ணைப் பெற்றவர் அங்கேதான் கரைகிறார். பொருளாதார மந்த காலத்துப் பணக்காரர்களிடம் காப்ரா சற்று அதிகமாகவே கருணை காட்டினார் என்பேன். பழியெல்லாம் அவள் முதலில் தேர்ந்தெடுத்த பகட்டுக்கார மாப்பிள்ளை தலையில் விழுகிறது.

படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து ஆஸ்கர்களும் அதற்கே. நம் ஏவி.எம். 1956இல் இந்தியில் எடுத்த 'சோரி சோரி' இந்தக் கதையின் வழிவந்ததுதான்.

1938ஆம் ஆண்டுக்கான சிறந்த பட விருது மீண்டும் கொலம்பியாவுக்கு. 'யூ கான்ட் டேக் இட் வித் யூ' படத்தில் வங்கி முதலாளியின் மகன் காதலிப்பது தன் அலுவலக ஸ்டெனோகிராபரை. பணம் பெரிதில்லை என்று பேசிய அதன் மூல நாடகத்தின் உரிமைக்கு மட்டும் ஹாரி கோன் கொடுத்தது 2,00,000 டாலர்.