விதைக்கு யாரிடம் கையேந்துவது?

இயற்கை விவசாய வரலாறு என்றதும் நமக்குச் சில பெயர்களே சொல்லித் தரப்படுகின்றன. பெரும்பாலும் நிலமுள்ள, படித்த ஆண்கள். ஜஹீராபாத் பகுதியின் தலித் பெண்களை அந்த வரிசையில் நாம் பார்ப்பதில்லை.

இன்றைய தெலங்கானாவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ஜஹீராபாத். 1983இல் அங்கு தொடங்கிய டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி, ஊர்தோறும் பெண்கள் சங்கங்களை அமைத்தது. பெரும்பாலோர் தலித்துகள், கூலிக்குப் போனவர்கள். கையில் இருந்ததோ கல்லும் செம்மண்ணுமான மானாவாரி நிலம். நமக்கென்று ஒதுக்கும் நிலம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

அந்த மண்ணில் சோளம், தினை, துவரை என்று கலந்து விதைத்தார்கள். சங்கத்தில் விதைக்குக் காசு கிடையாது. கடனாக வாங்கியவர் அறுவடைக்குப் பின் இரண்டு மடங்காகத் திருப்பித் தருவார். அது அடுத்த பெண்ணுக்குப் போகும். எந்த விதை எந்த மண்ணுக்கு, சாம்பலும் வேப்பிலையும் போட்டு எப்படிக் காப்பது என்ற பாடமும் விதையோடு கைமாறியது.

விளைச்சலுக்குச் சான்று தருவதும் வெளியாட்கள் அல்ல. சக விவசாயிகளே வயலைப் பார்த்து, ரசாயனம் படவில்லை என்று உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறை அது. தொட்டால் தீட்டு என்ற சமூகத்தில், எந்தத் தானியம் சுத்தம் என்று தலித் பெண்கள் சொல்கிறார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேமரா பிடித்தார்கள். வாரங்கலில் பி.டி. பருத்தி போட்டு நொடித்த விவசாயிகளிடம் போய், அவர்கள் கதையைப் படமாக்கினார்கள். 2008 அக்டோபரில் மாச்சனூரில் சங்கம் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. ஒலிவாங்கியின் முன்னால் தலித் பெண்கள், தங்கள் ஊர்த் தெலுங்கில்.