எங்கிருந்து எண்ணுவது?

பாளையம்பட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மாறியது அதன் மாவட்டம். 1910இல் மதுரையை விட்டு ராமநாதபுரத்துக்குப் போனது. 1985இல் ராமநாதபுரம் பிரிந்தபோது காமராஜர் மாவட்டத்துக்கு வந்து, பிற்பாடு விருதுநகர் மாவட்டம் ஆனது. முழு முகவரி எழுதி வைத்தவர் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியிருந்தது. ‘அருப்புக்கோட்டைக்குப் பக்கம்’ என்றவருக்கு அந்த வேலை இல்லை. கேட்பவருக்கு அருப்புக்கோட்டை தெரிந்திருந்தால் போதும். சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளில் ஒரு கோப்பு இன்னொரு கோப்பைச் சேர்த்துக்கொள்ளும் பாதைக்கும் இதே வரலாறுதான். முழுப்பாதையா, சார்புப்பாதையா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். உண்மையான கேள்வி, எந்த இடத்திலிருந்து எண்ணுவது என்பதே.

சி மொழியில் மேற்கோள்குறிக்குள் எழுதிய தலைப்புக் கோப்பை, அந்த வரி இருக்கும் கோப்பின் கோப்புறையில்தான் கம்பைலர்கள் வழக்கமாக முதலில் தேடும். 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி வளர்ந்தபோது இந்தத் தெளிவு தவறிப்போனது. அதில் ‘../’ என்று தொடங்கும் பாதை, வரி எழுதப்பட்ட கோப்பிலிருந்து எண்ணப்படுவதில்லை. நடப்புக் கோப்புறையிலிருந்து எண்ணப்படுகிறது. உலாவி வழியாக வந்தால் அது பெரும்பாலும் முதலில் அழைக்கப்பட்ட பக்கத்தின் கோப்புறை. ஆகவே முகப்புப் பக்கத்தில் சரியாக ஓடிய தலைப்புக் கோப்பு, உள்கோப்புறைப் பக்கம் ஒன்றிலிருந்து அழைத்தால் தனக்கு வேண்டிய கோப்பைக் காணாமல் நின்றுவிடும். அதே ஸ்கிரிப்ட்டை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் இரவில் ஓட்டினால் நடப்புக் கோப்புறையே வேறு. தனித்தனிப் பக்கங்களுக்காகப் பிறந்த மொழிக்கு இது இயல்புதான். தளங்கள் பெருத்தபோதுதான் வலித்தது.

முழுப்பாதையை எழுதிவிட்டால் தொல்லை தீருமே என்பார்கள். தீராது, விண்டோஸ் கணினியில் எழுதியது லினக்ஸ் சர்வருக்குப் போனால் உடைந்துவிடும். பாதையைச் சாய்கோட்டில் தொடங்கினாலும் குழப்பமே: பக்கத்தின் இணைப்பில் அது தளத்தின் வேர், கோப்பைச் சேர்க்கும் இன்க்ளூட் வரியில் வட்டின் வேர். கோப்பைத் தேட வேண்டிய கோப்புறைகளைச் சொல்லும் தேடுபாதைப் பட்டியல் இருக்கிறதே என்றால், அது சர்வருக்குச் சர்வர் மாறும் அமைப்பு; ஒரே பெயரில் இரண்டு கோப்பிருந்தால் பட்டியலில் முந்தியது வந்து நிற்கும். ‘மேல் கோப்புறைக்குப் போ’ என்ற கட்டளையையே ஆபத்தாகப் பார்த்த மைக்ரோசாப்ட், 2003இல் தன் இணையச் சர்வரான ஐஐஎஸ் 6இல், ஏஎஸ்பி என்ற தன் ஸ்கிரிப்ட் பக்கங்களுக்கு அதை இயல்பிலேயே முடக்கியது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் எண்ணும் இடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

பதில், கோப்பே தன் இருப்பிடத்தைச் சொல்வதில் இருந்தது. வேர்ட்பிரஸ் தன் வேர்க்கோப்புறையை அப்படிக் கணக்கிட்டு, ‘ஏபிஎஸ்பாத்’ என்ற மாறிலியில் வைத்துக்கொண்டது. தமிழ் விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கியும் அதே வழியில் நிறுவல் பாதையை ஒரு மாறியில் வைத்தது. 2009இல் வந்த பிஎச்பி 5.3, இதற்கென்றே ‘டிர்’ என்ற மாறிலியைத் தந்தது. தாமதம்தான். 2012க்குப் பிறகு, பிஎச்பி நூலகங்களை நிர்வகிக்கும் கம்போசர் பரவியதால் இதெல்லாம் பழங்கதை என்று சொல்பவர்கள், அதன் தானேற்றிக் கோப்பைத் திறந்து பார்க்கலாம்: அதுவும் தன் அடுத்த கோப்பை ‘டிர்’ மாறிலியை வைத்தே அழைக்கிறது.