விரல்வழியும் செவிவழியும்: ஜாஸ் கிட்டாரில் சுரவரிசைப் பயிற்சி

இசையில் செயல் முந்தியதா, இலக்கணம் முந்தியதா என்னும் வினாவிற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டவர் அபூநஸ்ர் அல்ஃபாராபி (இறப்பு 950). செயல்முறைக் கலை முதலில் தோன்றி முதிர்ந்தது. அதை ஆராயும் அறிவுக் கலை நெடுங்காலத்திற்குப் பின்னரே பிறந்தது என்பது 'கிதாபுல் மூஸீகா அல்கபீர்' என்னும் பெருநூலில் அவர் நிறுவும் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கிட்டாரின் வரலாறு இக்கருத்திற்கு ஒரு புதிய சான்றாக அமைந்துள்ளது.

ஜாஸ் இசையில் ஒரு பாடலின் மெட்டு முதலில் இசைக்கப்படும். பின்னர், அப்பாடலுக்கு அடித்தளமான 'கார்டு'களின், அதாவது பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் அடுக்குகளின், சுழற்சி மீண்டும் மீண்டும் ஒலிக்க, கலைஞர் ஒவ்வொருவரும் அதன்மீது அந்நேரத்தில் தோன்றும் புதிய மெட்டைத் தனித்து வாசிப்பர். நம் நாட்டார் மனோதர்மம் என்று கூறுவதற்கு இது நெருக்கமானது. இதைக் கற்க விழையும் மாணவன் கையில் இன்று முதலில் தரப்படுவது சுரவரிசை நூலாகும். இன்ன கார்டுக்கு இன்ன 'ஸ்கேல்', அதற்கு இன்ன விரலமைப்பு என்று அது கட்டம் போட்டுக் காட்டுகிறது. மாணவனும் உழைத்துப் பயில்கிறான். விரல்கள் விரைந்து ஓடுகின்றன. ஆனால் மெட்டு பிறப்பதில்லை. இக்குறை எங்கிருந்து வருகிறது?

கருவியின் இயல்பை அறிந்தால் விடையின் ஒரு பாதி கிடைக்கும். பியானோவில் ஒரு சுரத்திற்கு ஓரிடமே உண்டு. கிட்டாரிலோ ஒரே சுரத்தைப் பல தந்திகளில் பல இடங்களில் எழுப்பலாம். அன்றியும், ஒரு சுரவரிசையின் விரலமைப்பைக் கற்றுக்கொண்டால், கையை ஒரு மெட்டுக்கட்டை மேலே நகர்த்திய மாத்திரத்தில் அதே அமைப்பு வேறொரு சுருதியில் ஒலிக்கும். சாக்ஸபோன் கலைஞர் பன்னிரண்டு சுருதிகளுக்கும் தனித்தனியே விரல் பழக வேண்டும்; கிட்டார் கலைஞருக்கு அத்தொல்லை குறைவு. இந்த எளிமையே ஆபத்துமாகும். சுரத்தின் பெயரும் ஒலியும் மனத்தில் பதியாமலே, கை தன் பழக்கத்தால் ஓடிவிடுகிறது.

சுரவரிசையை விரலால் அறியும் இம்முறை புதியதன்று. கிட்டார் என்னும் பெயரே கிரேக்கச் சொல்லிலிருந்து அரபியின் 'கீதாரா' வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது என்பர். அதன் உறவுக் கருவியான 'லூட்' தன் பெயரை 'அல்ஊத்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பெற்றது. அந்த ஊத் கருவியில் சுரங்களுக்கு வழங்கிய பெயர்கள் விரல்களின் பெயர்களே: ஸப்பாபா என்னும் சுட்டுவிரல், வுஸ்தா என்னும் நடுவிரல், பின்ஸிர் என்னும் மோதிர விரல், கின்ஸிர் என்னும் சிறுவிரல். இஸ்ஹாக் அல்மவ்ஸிலீ (இறப்பு 850) பண்களை வகைப்படுத்தியபோது, நடுவிரலின் பாதை, மோதிர விரலின் பாதை என இரு பெரும் பிரிவுகளை வகுத்தார். பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ தொகுத்த 'கிதாபுல் அகானி'யில் பாடல்கள் பலவற்றுக்கு, அவை எந்த விரலின் சுரம், எந்தப் பாதை என்று குறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அக்குறிப்பைக் கொண்டு மட்டும் இன்று எவராலும் அப்பாடலைப் பாடிவிட முடியாது. குறிப்பு, பாடலை ஆசானிடம் முன்பே கேட்டவனுக்கு உதவும் நினைவுச் சின்னமாகவே இருந்தது.

இதனினும் தெளிவான சான்று, அப்பாஸிய அரசவையின் ஊத் கலைஞர் மன்ஸூர் ஸல்ஸல் ஆவார். சிறிய மூன்றாம் சுரத்துக்கும் பெரிய மூன்றாம் சுரத்துக்கும், நம் வழக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும், இடையே ஒரு சுரத்தை அவர் செவி நாடியது. நடுவிரல் அங்கே சென்றது. 'வுஸ்தா ஸல்ஸல்' எனப் பெயர்பெற்ற அச்சுரத்தைப் பின்னாளில் அல்ஃபாராபி 27க்கு 22 என்னும் விகிதமாக அளந்து எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசையிலும் மூன்றாம் சுரம் இவ்விரண்டுக்கும் இடையே நெகிழ்ந்து ஒலிக்கிறது. கிட்டார் கலைஞர் தந்தியை வளைத்து அதை எழுப்புகிறார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கூறுவதற்கில்லை. செவி கேட்ட பின்னரே ஏடு எழுதிற்று என்பதே இரண்டுக்கும் பொதுவானது.

ஜாஸ் கிட்டாரின் முன்னோடிகள் மூவரை நோக்குவோம். பெல்ஜியத்தில் நாடோடி ரோமா குடும்பத்தில் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910–1953), 1928இல் வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் இரு விரல்களை ஏறக்குறைய இழந்தார். பழகிய விரலமைப்புகள் பயனற்றுப் போயின. எஞ்சிய இரு விரல்களால் தந்திகளின் நீளவாக்கில் ஓடும் புதுப் பாதையைக் கண்டு, 1934இல் பாரிஸில் உருவான குழுவின் வாயிலாகப் புகழெய்தினார். விரல்வழி அடைபட்டபோதும் செவிவழி திறந்தே இருந்தது.

இரண்டாமவர் சார்லி கிறிஸ்டியன் (1916–1942). 1939இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து மின்கிட்டாரை முன்வரிசைத் தனி வாசிப்புக் கருவியாக நிலைநிறுத்தினார். லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் ஒலி அவருடைய சொல்லாட்சியில் கலந்திருந்தது. மூச்சு விடும் கருவியிடம் கற்றதனால் அவர் வாக்கியங்களில் நிறுத்தமும் இருந்தது. இருபத்தைந்தாம் வயதில் காசநோயால் மறைந்தார்.

அவருடைய இசைத்தட்டைக் கேட்டு, பத்தொன்பது வயதளவில் கிட்டாரை முனைந்து பயின்றவர் இண்டியானாபோலிஸைச் சேர்ந்த வெஸ் மான்ட்கமரி (1923–1968). இசைக்குறியீட்டை வாசிக்க அறியாதவர். கிறிஸ்டியனின் தனி வாசிப்புகளைச் சுரம் பிசகாமல் செவியாலேயே மனனம் செய்தார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் வாசிப்பு என வாழ்ந்த அவர், 1960இல் வெளிவந்த இசைத்தட்டால் உலகறிந்தார். மனனத்தில் தொடங்கியவர் நகலாக முடியவில்லை. மீட்டுகோலின்றிப் பெருவிரலால் மீட்டும் தனிக் குரலைக் கண்டார்.

இலக்கணம் இதற்கிடையே வந்து சேர்ந்தது. ஜார்ஜ் ரஸ்ஸல் 1953இல், ஒவ்வொரு கார்டுக்கும் உரிய சுரவரிசை உண்டு என்னும் நெறியை நூலாக்கினார். 1959இல் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'கைன்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டில் 'ஸோ வாட்' என்னும் உருப்படி 32 தாளக்கட்டுகள் கொண்டது. முதல் 16இல் ஒரு சுரவரிசை, அடுத்த எட்டில் அதுவே அரைச்சுரம் உயர்ந்து, இறுதி எட்டில் மீண்டும் பழையது. கிட்டாரில் இதற்குத் தேவை ஒரே விரலமைப்பு, ஒரு கட்டை நகர்வு. அரை மணி நேரத்தில் கற்றுவிடலாம். ஆனால் கார்டுகளின் மாற்றம் துணைநிற்காத அவ்வெளியில், சொல்வதற்குப் பொருளில்லாதவன் உடனே வெளிப்பட்டுவிடுவான். பின்னர் பாஸ்டனின் பெர்க்லீ இசைப்பள்ளி ஆசிரியர் வில்லியம் லெவிட்டின் கிட்டார் பாடநூல் 1966இலும், ஜேமி ஏபர்சோல்டின் ஒலித்தட்டுடன் கூடிய பயிற்சித் தொகுப்பு 1967இலும் தொடங்கின. ஆசானை அணுக இயலாத எண்ணற்றோருக்கு இவை வாயில் திறந்தன என்பதை மறுக்கலாகாது. எனினும், முன்னோடிகள் செவியால் ஈட்டியவற்றின் சுருக்கமே இந்நூல்கள். சுருக்கத்தை முதலாகக் கொண்டவன் வரிசையை முறைப்படி பாதியில் நிறுத்திவிட்டான்.

ஆகவே சுரவரிசையைக் கைவிடுதல் தீர்வாகாது. அதன் இடத்தை அறிதலே தீர்வு. ஸர்ஃப் வாய்பாட்டை மனனம் செய்தவன் அரபியில் பேசிவிடுவதில்லை. அதைக் கல்லாதவனும் பிழையின்றி எழுதுவதில்லை. கிட்டார் மாணவன் ஒரு வரிசையைப் பயிலுமுன் அதை வாயால் பாடட்டும். பாட இயன்றதை மட்டும் தந்தியில் தேடட்டும். கார்டின் சுரங்கள் அவ்வரிசையில் எங்கே அமர்ந்துள்ளன என்று செவியால் உணரட்டும். ஒரு பெரியாரின் தனி வாசிப்பொன்றை ஏட்டின் துணையின்றி முழுமையாக மனனம் செய்யட்டும். மூச்சு விடும் இடத்தில் கையும் நிற்கட்டும். இவ்வாறு பயின்ற பின் நூலைத் திறந்தால், அதிலுள்ள கட்டங்கள் தான் முன்பே கேட்டறிந்த ஒலிகளின் பெயர்களாக அவனுக்குத் தெரியும்.