மைதானத்துக் கோஷமும் மதத் துவேஷமும்

ஆக்லாந்து மாநகரின் தென்பகுதியிலுள்ள மனுரேவாவில் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, நியூஸிலாந்தின் பழம்பெரும் கால்பந்துப் பரிசாகிய சாத்தம் கோப்பையை 1978லும் 1984லும் வென்ற சங்கம், தன் பெயராகச் சூட்டிக்கொண்டது அந்த ஊரின் பெயரை மட்டுமே. இப்படி ஊர்ப் பெயரால் ஒரு சங்கம் விளங்குவது எத்தகைய பாக்கியம் என்பதை, கிளாஸ்கோ நகரத்துச் சரித்திரத்தை அறிந்தவர்களே முழுமையாக உணர முடியும்.

அங்கே 1872ல் ரேஞ்சர்ஸ் சங்கம் நாலு இளைஞர்களின் விளையாட்டு ஆர்வத்தால் பிறந்தது. 1887ல், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, நகரின் கிழக்குச் சேரிகளில் வறுமையில் உழன்ற கத்தோலிக்கர்களின் குழந்தைகளுக்கு அன்னமிடப் பணம் திரட்டும் பொருட்டு, சகோதரர் வால்ஃப்ரிட் என்னும் துறவி செல்டிக் சங்கத்தை நிறுவினார். தர்ம கைங்கரியமாகத் தோன்றிய சங்கத்தைச் சுற்றியும் துவேஷம் வளர்ந்ததை எண்ணினால் நெஞ்சம் பதைக்கிறது. எதிரணியின் ஆட்டத்தை ஏசுவதோடு நில்லாமல், அவர்கள் வணங்கும் முறையையும், அவர்களுடைய போப்பாண்டவரையும் ஏசும் பாட்டுகள் பல்லாயிரம் குரல்களில் எழுந்தன. தெரிந்து ஒரு கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்று ரேஞ்சர்ஸ் பல தசாப்தங்கள் காத்துவந்த எழுதாத விதி, 1989ல் மோ ஜான்ஸ்டனை ஒப்பந்தம் செய்தபோதுதான் வெளிப்படையாகத் தகர்ந்தது. அன்று சில அபிமானிகள் தங்கள் சங்கத்தின் கழுத்துத் துண்டுகளையே கொளுத்தினார்கள்.

நம் தேசமும் இந்த நோய்க்கு விலக்கன்று. 1911ல் மோகன் பகான் வெள்ளையர் அணியை வென்றபோது கல்கத்தா முழுவதும் மதபேதமின்றி மகிழ்ந்தது; ஆனால் முஸ்லிம்களின் சங்கமாகிய முகம்மதன் ஸ்போர்டிங் 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டத்தை வென்ற காலத்தில், வங்காளத்து அரசியலின் வகுப்புவாதம் பார்வையாளர் வரிசைகளிலும் புகுந்துவிட்டது. அதே முகம்மதன் ஸ்போர்டிங்கின் முகம்மது சலீம், 1936ல் கிளாஸ்கோவுக்குச் சென்று, பூட்ஸ் அணியாமல், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு செல்டிக்குக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். செல்டிக்கின் ஜிம்மி மக்மெனமி குனிந்து அவர் காலுக்குக் கட்டுப் போடும் புகைப்படம் உண்டு. அதைப் பார்க்கையில், இரு நகரங்களின் கூச்சல்களும் எவ்வளவு அற்பமானவை என்று தோன்றுகிறது.

பரிகாரம் தேடாமலில்லை. 1995ல் செல்டிக் அபிமானியான பதினாறு வயதுப் பையன் ஒருவன் கிளாஸ்கோவில் கொல்லப்பட்டபின், அவனுடைய தோழி மதத் துவேஷத்தை எதிர்க்க ஒரு ஸ்தாபனமே கண்டாள். 2011ல் ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனம், ரசிகர்களின் துவேஷப் பாட்டுகளுக்காக ரேஞ்சர்ஸுக்கு அபராதம் விதித்ததுடன், அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு அதன் ரசிகர்கள் செல்வதையும் தடுத்தது. மைதானத்துத் துவேஷத்தை அடக்க ஸ்காட்லாந்து அரசு 2012ல் நடைமுறைக்குக் கொணர்ந்த தனிச் சட்டமோ, பேச்சுரிமையைப் பாதிப்பதாகவும் தெளிவற்றதாகவும் கண்டிக்கப்பட்டு 2018ல் ரத்தாயிற்று. சங்கத்துக்கு நஷ்டம் நேரும்படி செய்யும் தண்டனையே, தனிமனிதனைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தைவிடப் பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். பக்கத்து இருக்கைக்காரன் வாயை அடக்கும் பொறுப்பு அப்போதுதான் ரசிகனுக்கே வருகிறது.

மனுரேவாவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை ஊர்ச் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். கோட்டுக்கு வெளியே நின்று உற்சாகப்படுத்தும்போது, எதிரணிப் பிள்ளையின் சாதியையோ மதத்தையோ இனத்தையோ இழுத்து எவரேனும் ஒரு சொல் சொன்னால், அவர் உங்கள் சொந்தக்காரரே ஆனாலும், அங்கேயே தடுத்துவிடுங்கள்.