அம்மாவை யார் நடித்துக் காட்டினார்கள்?

நீலகிரியில் அரசியல் தலைவர்களைப் பார்த்துச் சிரிக்க மலையாளம் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் அது பலருக்கும் தெரியும். ஏசியாநெட்டில் 1993இல் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடிய ‘சினிமாலா’வில் கருணாகரனும் நாயனாரும் ஏ.கே. அந்தோணியும் வந்துபோனார்கள், அதாவது அவர்களைப் போல் நடித்தவர்கள். அந்த நிகழ்ச்சியை உருவாக்கியவர் டயானா சில்வெஸ்டர் என்ற பெண். நடித்த ஆண்களை நினைவு வைத்திருப்பவர்கள்கூட அவர் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள்.

தமிழில் கதை வேறு. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி இலவச வண்ணத் தொலைக்காட்சி தந்தது திமுக. 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் தந்தது அதிமுக. ஜெயா டிவியும் கலைஞர் டிவியும் யாருடையவை என்று பெயரே சொல்லிவிடும். விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ சினிமாவைக் கிண்டலடித்தது. 2005இல் வந்த ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் பெரும்பாலும் நடிகர்களின் குரல்கள். கோத்தகிரிக்கு அருகே கொடநாட்டில் வாரக்கணக்கில் தங்கி மாநிலத்தை ஆண்ட ஜெயலலிதாவின் குரல் அங்கே எடுபடவில்லை.

பயம்தான் காரணம் என்பார்கள். உண்மைதான். ஐந்தாண்டில் அவரது அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் இருநூறைத் தாண்டின. 2016இல் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்தது. ஆனால் பயம் மட்டுமே என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. ஆண் தலைவரை நடிக்க ஒரு கரகரப்பு, ஒரு துண்டு, ஒரு கண்ணாடி போதும். பெண்ணை நடிக்க நம் நகைச்சுவை மேடையிடம் இருந்தது ஒன்றே ஒன்று: ‘லேடி கெட்டப்’. சேலை கட்டிய ஆண், திணித்த மார்பு, இடுப்பை ஆட்டும் நடை. அதில் ஒரு முதலமைச்சரின் அதிகாரத்தை எங்கே வைப்பது? 1984இல் தொடங்கிய பிரிட்டனின் ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ பொம்மலாட்டம் தாட்சருக்கு ஆணின் கோட்டு மாட்டியது. குரல் கொடுத்தவரும் ஸ்டீவ் நாலன் என்ற ஆண். அவர்கள் அவரை ஆணாக்கிச் சிரித்தார்கள். இங்கே நடித்திருந்தால் உடம்பையும் மணமாகாத வாழ்க்கையையும்தான் தொட்டிருப்பார்கள். 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்திலேயே தன் சேலை இழுக்கப்பட்டதாகச் சொன்னவர் அவர். அந்த மேடையில் அவர் ஏறாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட உண்டு. அவர் போட்ட வழக்குகளில் எனக்கு நிம்மதி இல்லை.

ஆனாலும் அவரை நடித்தவர்கள் உண்டு. எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து எடை போட வரிசையில் நிற்கும்போது என் சித்தி செய்வாள். பிளாஸ்டிக் படங்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போர்த்தினால் அங்கி ஆயிற்று. தாளைப் பார்த்து வாசிப்பதுபோல் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, 2014 பிரச்சாரத்தின் அந்த நிதானத்தோடு, “செய்வீர்களா?” என்பாள். பெண்கள் ஒரே குரலில் “செய்வோம்!” என்பார்கள். “மேஸ்திரி எடையில் ரெண்டு கிலோ கழித்தால் கேட்பீர்களா?” வரிசை ஒரு நொடி அமைதியாகும், மேஸ்திரி பக்கத்தில்தான் நிற்பார். பிறகு பின்னாலிருந்து யாராவது ஒருத்தி, “கேட்போம்” என்பாள்.

அவள் அம்மாவுக்குத்தான் ஓட்டுப் போட்டாள். கடைசிவரை.