மைசூர் போட்ட இருபத்தைந்து லட்சம்

பழைய மாணவர் சந்திப்பு என்றாலே முதல் கேள்வி, "இப்ப எங்கடா இருக்கே?" என்பதுதான். எங்க செட்டில் நாலு பேரைக் கேட்டால் ஒருத்தனாவது "பெங்களூர்" என்பான். கம்ப்யூட்டர் வந்துதான் அந்த ஊர் வளர்ந்தது என்று இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வருவதற்கு நாற்பது வருஷம் முன்னாடியே அங்கே விமானத் தொழிற்சாலை வந்துவிட்டது. அந்த முன்கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1940. உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். கப்பல் கம்பெனி நடத்திய வால்சந்த் ஹீராசந்துக்கு இந்தியாவிலேயே விமானம் செய்ய ஆசை. கைகொடுத்தது மைசூர் சமஸ்தானம். அப்போது திவான் மிர்ஸா இஸ்மாயில். சமஸ்தானம் 25 லட்ச ரூபாய் பங்குப் பணம் போட்டது. 700 ஏக்கர் நிலமும் தந்தது. சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1905-லேயே பெங்களூருக்கு வந்திருந்தது. இந்திய விஞ்ஞானக் கழகமும் அங்கேயே இருந்தது. 1940 டிசம்பரில் 'ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்' பிறந்தது. 1941-ல் இந்திய அரசும் பங்குதாரர் ஆனது. 1942-ல் வால்சந்தின் பங்கையும் அரசே வாங்கிக்கொண்டது. போர் முடியும்வரை அமெரிக்க விமானங்களைப் பழுது பார்ப்பதே அங்கே பெரிய வேலை.

போர் முடிந்ததும் ஆர்டர் நின்றது. சோதனை ஆரம்பித்ததே அப்போதுதான். ஆலையை மூடியிருந்தால் கற்றுக்கொண்ட தொழிலாளிகள் திசைக்கொருவராகப் போயிருப்பார்கள். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? ரயில் பெட்டி செய்தது. பஸ்ஸுக்கு பாடி கட்டியது. பிரிட்டிஷார் கான்பூரில் கெடுத்துப் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் நாற்பதுக்கும் மேல் சரிசெய்து பறக்க வைத்தது. ஏதோ ஒரு வேலை கொடுத்து, பழகின கைகளைக் கலையவிடாமல் வைத்திருந்தார்கள்.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. விஞ்ஞானக் கழகத்தில் 1942-ல் விமானப் பொறியியல் பாடம் தொடங்கியபோது அதில் இருந்த வி.எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-ல் பறந்தது. 1961-ல் ஜெர்மானியர் கர்ட் டாங்க் வடிவமைத்த 'மாருத்' ஜெட் பறந்தது. மாருத்துக்குப் போதிய சக்தியுள்ள என்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரயில் பெட்டிப் பிரிவு 1964-ல் பி.இ.எம்.எல். என்ற தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. அதே வருஷம் தாய்க் கம்பெனியும் எச்.ஏ.எல். என்று பெயர் மாறியது.

இதற்கிடையே ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று வரிசையாக அரசு ஆலைகள் வந்தன. எல்லாத்துக்கும் எச்.ஏ.எல்.தான் காரணம்னு சொன்னா அது மிகை. ஆனா, நுட்பமான வேலை தெரிஞ்ச ஆள் அங்கே கிடைப்பான் என்ற பேரை முதலில் வாங்கித் தந்தது அந்த ஆலைதான். 1975-ல் பறந்த ஆர்யபட்டா செயற்கைக்கோளைப் பீன்யாவில் ஷெட்டுகளில் வைத்துத்தான் செய்தார்கள். 2008 வரை பெங்களூர்ப் பயணிகள் விமானம் இறங்கியதும் எச்.ஏ.எல். ஓடுதளத்தில்தான். நம்ம அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு முதலில் பயிற்சிக்குப் போன இடமும் அந்த ஆலைதான்.

இன்று கதை பெங்களூரைத் தாண்டிவிட்டது. 2023-ல் துமகூரில் 615 ஏக்கரில் ஹெலிகாப்டர் ஆலை திறந்தார்கள். பெலகாவியில் தனியார் ஆலைகள் வெளிநாட்டு விமானங்களுக்குப் பாகம் செய்கின்றன. ஆனால் தேவனஹள்ளியில் விமானத் தொழிற்பூங்காவுக்காக 1,777 ஏக்கர் எடுக்க நினைத்தபோது விவசாயிகள் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2025 ஜூலையில் அரசு அதைக் கைவிட்டது. 1940-ல் ஏக்கர் கணக்கைச் சமஸ்தானம் முடிவு செய்தது. இன்று உழுகிறவனைக் கேட்காமல் முடியாது. அதுவும் சரிதானே? ஒரு ஊர் வளர இன்னொருத்தன் வயிறு காய வேண்டுமா என்ன?

ஆகவே தம்பி தங்கைகளே, ஒரு மாநிலத்துக்கு இப்படிப்பட்ட தொழில் எதைத் தருகிறது என்று யாராவது கேட்டால் விமானத்தை மட்டும் எண்ணாதீர்கள். விமானம் பறந்து போய்விடும். அதைச் செய்யக் கற்றவன் அந்த ஊரிலேயே வீடு கட்டி, பட்டறை போட்டு, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தொழில் சொல்லிக் கொடுப்பான். மைசூர் போட்ட 25 லட்சம் எண்பத்தைந்து வருஷமாக வட்டி தருவது அப்படித்தான்.